நிமிர்வதற்கு முன் ஒரு வரி

மாலை 5.30 மணி. வங்கிக் கிளையின் ஸ்ட்ராங் ரூமுக்குள் நகைக்கடன் பாக்கெட்டுகளை எண்ணி முடித்தபோது, ஒன்று கூடுதலாக இருந்தது.

ஒன்று குறைந்தால்தானே பயம், கூடினால் என்ன என்று தோன்றலாம். கணக்குப்படி முடிந்துபோன ஒரு கடனின் நகை இன்னும் உள்ளேயே இருக்கிறது என்றால், பணத்தைக் கட்டிய யாரோ ஒருவர் நகையை வாங்காமல் இருக்கிறார் என்று பொருள். பாக்கெட்டின் மேல் இருந்த எண்ணை அவள் பார்த்தாள். வயிற்றைப் பிசைந்தது. மதியம் 2.45-க்குப் பணம் கட்டிய பெரியவர். “அஞ்சு நிமிஷம் உட்காருங்கய்யா, எடுத்துட்டு வந்துடறேன்” என்று அவளே சொல்லி உட்காரவைத்தவர்.

வெளியே ஓடிவந்தாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், தூண் மறைவில் இருந்த பெஞ்சில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப்பை.

“ஐயா... வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“நீங்க போன்லயே இருந்தீங்கம்மா. வேலையா இருக்கறவங்களை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னுதான்...”

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை பேத்திக்குக் காதுகுத்து. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் கணக்கில் ஏறியதும், அதை எடுத்துக் கடனை அடைத்து, 5 பவுன் சங்கிலியை மீட்க வந்தவர். அவர் ஊருக்குப் போகும் பஸ் 4.10-க்கே போய்விட்டது. அடுத்தது ராத்திரி 7.30-க்கு. இருட்டில், இடுப்பில் 5 பவுனோடு ஒரு வயதானவர் தனியாகப் போவதா? கிளையின் உதவியாளரைக் கூப்பிட்டு, அவருடைய பைக்கில் பெரியவரை ஊர் வரைக்கும் கொண்டுபோய் விடச் சொன்னாள். 14 கிலோமீட்டர்.

மற்றவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். அவள் மட்டும் தன் சீட்டில், போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 7.05-க்கு அழைப்பு வந்தது. “வீட்ல கொண்டாந்து விட்டுட்டேன் மேடம். காபி குடிச்சிட்டுத்தான் போகணும்னு சொல்றாங்க.”

அப்போதுதான் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

‘கம்ப்யூட்டர் மேடம்’

தஞ்சாவூர் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில், அந்தக் கிளையின் உதவி மேலாளர் அவள். வயது 42. வங்கி வேலையில் 17-வது வருடம். ஏழு பேர் இருக்க வேண்டிய கிளையில் ஐந்து பேர். நகைக்கடன், விவசாயக் கடன், மகளிர் சுயஉதவிக் குழுக்கள், கல்விக் கடன் எல்லாம் அவளுடைய மேஜைக்குத்தான் வரும். நவம்பர் வந்தால் ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்று, ஜூன் வந்தால் கல்லூரிக் கட்டணம், மார்ச் வந்தால் கணக்கு முடிப்பு என்று வருடம் முழுக்க ஏதாவது ஒரு திருவிழா.

அவளுக்குக் கிளையில் ‘கம்ப்யூட்டர் மேடம்’ என்று பெயர். எந்தக் குழுவுக்குத் தவணை எந்தத் தேதி, எந்த மாணவனின் விண்ணப்பத்தில் எந்தச் சான்றிதழ் பாக்கி என்று பார்க்காமல் சொல்வாள். அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது. மேஜையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது.

அந்த மாசி மாதத்து மதியம், 2.45-லிருந்து 4 மணிக்குள் என்னென்ன நடந்தது என்று அன்றிரவு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போன் அடித்தது. இந்த வாரம் எத்தனை இன்சூரன்ஸ் பாலிசி என்று மண்டல அலுவலகம் கேட்டது. பேசிக்கொண்டே உட்கார்ந்தாள். அதற்குள் குழுப் பெண்கள் நான்கு பேர் கையெழுத்துக்கு வந்தார்கள். ஏ.டி.எம்மில் பணம் சிக்கிக்கொண்டது என்று ஒருவர் சத்தம் போட்டார். மேலாளர் அறையில் வீடியோ மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது சாவி மேஜையில் இருந்தது. எதற்காக எடுத்தோம் என்பது மட்டும் தலையில் இல்லை.

யாரும் புகார் கொடுக்கவில்லை. “நகை பத்திரமா இருந்துச்சுல்ல, விடுங்க மேடம்” என்று மேலாளரும் சொல்லிவிட்டார். அவளால்தான் விட முடியவில்லை.

அந்த வாரத்திலேயே இன்னொன்றும் நடந்தது. சாப்பிடும்போது, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் பள்ளியில் நடந்த எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ‘ம்... ம்...’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்திவிட்டு, “நான் கடைசியா என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம்” என்றான். அவளுக்குத் தெரியவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனான். மாமியாரும் எதுவும் பேசவில்லை. குழம்புச் சட்டியை மட்டும் மெதுவாக அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஆறு நாள் வேகம்

மாற வேண்டும் என்று முடிவு செய்த எல்லோரும் முதலில் செய்வதை அவளும் செய்தாள். இரவு உட்கார்ந்து வீடியோக்களாகப் பார்த்தாள். காலை 4.30-க்கு அலாரம். போனில் இரண்டு செயலிகள். வேலைகளைப் பிரிக்க ஐந்து நிற ஸ்டிக்கர்கள். குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒரு பெரிய அட்டவணை.

முதல் மூன்று நாள் அமர்க்களமாகப் போனது. நான்காம் நாள் மதியம் 3 மணிக்குக் கண் சொக்கியது. ஐந்தாம் நாள், ‘இன்றைய இலக்குகள் 11 நிலுவையில் உள்ளன’ என்று செயலி நினைவூட்டியபோது, மண்டல அலுவலகத்தின் இன்னொரு போன் மாதிரி இருந்தது. ஆறாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கினாள்.

“அந்த அட்டவணையை எடுத்துடவா? கதவு திறக்கும்போதெல்லாம் கிழியுது” என்று மாமியார் கேட்டார்.

“எடுத்துடுங்க அத்தை” என்றாள்.

நாள் முழுக்க நூறு பேர் குறுக்கே வரும் வேலையில் இருப்பவருக்கு, யாரும் குறுக்கிடாத ஒருவருக்காகப் போட்ட திட்டம் எப்படிப் பொருந்தும்? அவளுக்கு வேலை செய்ய நேரம் போதவில்லை என்பது பாதி உண்மை. செய்துகொண்டிருந்த வேலை அறுபடும் இடத்தில்தான் எல்லாம் தவறிப்போயின. அதற்கு எந்த வீடியோவிலும் வழி இல்லை. வழி, பென்ஷன் வாங்க வந்த ஒருவரிடம் இருந்தது.

காசாளர் சொன்ன பாடம்

அதே கிளையில் பல வருடங்கள் தலைமைக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மாதத்தின் முதல் வாரத்தில் வருவார். பணம் எடுப்பார், பாஸ்புக்கில் வரவு போடுவார், பழைய நண்பர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவார். அன்று அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“என்னம்மா, ஒரு மாதிரி இருக்கே?”

பெரியவர் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

“எங்க காலத்துல மெஷின் கிடையாது. கையாலதான் எண்ணணும். ஒரு கட்டுன்னா 100 நோட்டு. 63 எண்ணியிருப்போம், ‘சார், செக் புக் எங்க வாங்கணும்’னு ஒருத்தர் கேப்பாரு. நிமிர்ந்து பதில் சொன்னா போச்சு. திரும்பவும் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும். ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சா பரவாயில்ல. 63-ஆ 73-ஆன்னு குத்துமதிப்பா தொடர்ந்தோம்னா, சாயங்காலம் கைக்காசு போடணும்.”

“அப்போ என்ன சார் பண்ணுவீங்க?”

“எண்ணிக்கிட்டிருந்த எடத்துல கட்டைவிரலை வெச்சுக்கிட்டு, பக்கத்துல இருக்கற சீட்டுல ‘63’னு எழுதிடுவேன். அதுக்கு அப்புறம்தான் நிமிருவேன். யார் கூப்பிட்டாலும் சரி, மேனேஜரே வந்து நின்னாலும் சரி. எழுதாம நிமிரக் கூடாது. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டது அவ்வளவுதாம்மா.”

அவள் சிரித்துவிட்டாள். இவ்வளவு சின்ன விஷயமா? சிரிப்பு அடங்கியதும், 17 வருட அனுபவத்துக்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதிவைத்துக்கொள்வதா என்று உள்ளே ஒரு கௌரவம் முனகியது.

அந்தக் கௌரவத்துக்குப் பதில் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. 1935 அக்டோபர் 30-ம் தேதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு இன்ஜின் விமானத்தைச் சோதனைக்காகப் பறக்கவிட்டார்கள். மேலே ஏறிய சிறிது நேரத்தில் அது விழுந்து எரிந்தது. இருவர் இறந்தார்கள். இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. விமானம் நிற்கும்போது வால் பகுதியின் கட்டுப்பாடுகளை அசையாமல் பூட்டிவைக்கும் அமைப்பைப் புறப்படும் முன் விடுவிக்க மறந்திருந்தார்கள். ஓட்டியவர் அனுபவம் மிக்க சோதனை விமானி. ராணுவம் அதற்குக் கண்ட தீர்வு, புறப்படும் முன் ஒவ்வொன்றாகப் பார்த்து ‘டிக்’ செய்ய ஒரு சிறு பட்டியல். அதே வகை விமானம்தான் பிறகு ‘பி-17’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது. இன்றைக்கும் விமானிகள் பட்டியலைப் பார்க்காமல் புறப்படுவதில்லை. அறுவை சிகிச்சை அரங்குகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 அம்சப் பட்டியல் ஒன்றை வெளியிட்டதும் இதே காரணத்துக்காகத்தான். வேலை தெரியாதவருக்காக எழுதப்பட்டவை அல்ல இவை. நன்றாகத் தெரிந்தவரும் அவசரத்தில் மறப்பார் என்பதற்காக எழுதப்பட்டவை.

40 பக்க நோட்டு

மகனின் பழைய ரஃப் நோட்டு ஒன்றில் பாதிப் பக்கங்கள் மீதி இருந்தன. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போனாள். ஒரே ஒரு விதி: நிமிர்வதற்கு முன் ஒரு வரி.

முதல் நாள் எழுதியவை இப்படி இருந்தன: ‘நீலச் சட்டை - நகை - சாவி எடுக்கணும்.’ ‘நர்சிங் பொண்ணு - வருமானச் சான்று பார்த்தாச்சு, மார்க் ஷீட் பார்க்கல.’ ‘கீழத்தெரு குழு - 3-வது கையெழுத்தில் நிறுத்தம்.’

யார், எதற்காக, எந்த இடத்தில் நின்றது. இந்த மூன்றும் இருந்தால் போதும். எழுத ஐந்து விநாடிகூட ஆகாது. போன் இன்னும் இரண்டு முறை கூடுதலாக அடிக்கும், அவ்வளவுதான். வேலைக்குத் திரும்பும்போது ‘எங்க விட்டேன்’ என்று தேடும் நேரம் மிச்சமானது. அதைவிட, எதையோ மறந்துவிட்டோமோ என்று நாள் முழுக்க உள்ளே ஓடிக்கொண்டிருந்த படபடப்பு கொஞ்சம் அடங்கியது.

வேலையின் பெயரை எழுதுவதைவிட ஆளை எழுதுவது நல்லது என்பதும் போகப் போகப் புரிந்தது. ‘உயிர்வாழ் சான்று - 1’ என்று எழுதினால் அது ஒரு எண்ணிக்கை. ‘கைத்தடிப் பாட்டி காத்திருக்காங்க’ என்று எழுதினால் மனசு சும்மா இருக்காது.

இரண்டாவது பழக்கம், ஒரு நாற்காலி. தூணுக்குப் பின்னால் இருந்த பெஞ்சை யாரும் கவனிப்பதில்லை. ஸ்டோர் அறையில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து, தன் மேஜைக்கு நேர் எதிரில் போட்டாள். நகைக்காகக் காத்திருப்பவர் அங்கேதான் உட்கார வேண்டும். நோட்டை மறந்தாலும் கண்ணெதிரே இருக்கும் ஆளை மறக்க முடியாது.

மூன்றாவது, ‘அஞ்சு நிமிஷம்’ என்ற வார்த்தையை விட்டாள். ஸ்ட்ராங் ரூமைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று அவளிடம், இன்னொன்று வேறொரு அதிகாரியிடம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இருவரும் எழுந்து போனால் இரண்டு மேஜையும் காலி. அதனால் பகல் 12 மணி, மாலை 3.30 என்று இரண்டு நேரம் வைத்தார்கள். கடன் அடைக்க வருபவரிடம் அந்த நேரத்தைச் சொல்லிவிடுவாள். “மூன்றரைக்கு வாங்க, கையில கொடுத்துடறேன். அதுக்குள்ள டீ சாப்பிட்டு வந்துடுங்க.” எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிட்டால் காத்திருப்பது அவ்வளவு கஷ்டமாக இருப்பதில்லை. அவசரம் என்று வருபவருக்கு மட்டும் இடையில் திறந்தார்கள்.

நோட்டை மூடும் நேரம்

இதெல்லாம் பகல் நேரத்துக்குச் சரி. வீட்டுக்கு வந்த பிறகும் தலைக்குள் கிளை திறந்தே இருந்ததே, அதற்கு?

லிதுவேனியாவில் பிறந்து பெர்லினில் படித்த புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆட்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்து, சிலவற்றை முடிக்கவிட்டார், சிலவற்றைப் பாதியில் நிறுத்தினார். முடித்தவற்றைவிடப் பாதியில் நின்றவையே அவர்கள் நினைவில் அதிகம் இருந்ததாக எழுதினார். பாதியில் விட்ட வேலை மனசை விடாமல் இழுக்கும் என்பது வீட்டில் பால் அடுப்பை அணைத்தோமா என்று பஸ்ஸில் தவித்த எவருக்கும் தெரியும். 2011-ல் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். அந்த வேலையை முடித்தால்தான் மனசு விடும் என்றில்லை. அதை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டுவைத்தாலே அதன் தொல்லை பெருமளவு குறைகிறது.

அவள் நாளின் கடைசி பத்து நிமிடத்தை அதற்கு ஒதுக்கினாள். கிளம்பும் முன், டிக் அடிக்காத வரிகளை மறுநாள் பக்கத்துக்கு மாற்றி எழுதினாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நேரம். ‘மார்க் ஷீட் - காலை 10.15.’ ‘குழுப் பதிவேடு - 12-க்கு அப்புறம்.’ அவற்றில் கட்டாயம் முடிக்க வேண்டிய மூன்றைச் சுற்றி வட்டம். பிறகு நோட்டை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாள். வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்பதில் பிடிவாதமாக இருந்தாள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மகன் கபடி மேட்ச் கதையைச் சொல்லி முடித்ததும், பழைய நினைவில் சந்தேகமாகப் பார்த்தான்.

“கடைசி ரைடுல நீ போனஸ் லைனைத் தொட்ட. ரெஃப்ரி தரல. நீ சண்டை போட்ட” என்றாள் அவள்.

“சண்டை போடலம்மா, கேட்டேன்” என்று சிரித்தான்.

மார்ச்சில் கவிழ்ந்த கப்பல்

கதை இத்தோடு சுபமாக முடிந்துவிடவில்லை. மார்ச் கடைசி வாரம் வந்தது. கணக்கு முடிப்பு, வசூல், இலக்கு என்று தினமும் வீடு திரும்ப 9 மணி ஆனது. நோட்டில் 25-ம் தேதிக்குப் பிறகு ஐந்து பக்கம் வெறுமையாக இருந்தது. ஏப்ரல் 1-ம் தேதி, வாடிக்கையாளர் சேவை இல்லாத நாளில், அந்த வெற்றுப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டே, ‘இதுவும் அந்த அட்டவணை மாதிரிதான்’ என்று நினைத்தாள்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு இந்த இடத்தில் நினைவுகூரத்தக்கது. ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். 21 நாள் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி 22-வது நாள் மனம் உடைபவர்கள் இதைக் கவனிக்கலாம். அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி: இடையில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் பெரிதாகக் கெட்டுவிடுவதில்லை.

அவளுக்குத் தவறியது ஐந்து நாள். ஆனாலும் ஏப்ரல் 2-ம் தேதி காலை, வெற்றுப் பக்கங்களைக் கிழிக்காமல், அடுத்த பக்கத்தில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தாள்.

நோட்டு காட்டிக்கொடுத்த உண்மை

ஏப்ரல் நடுவில் நோட்டைப் புரட்டியபோதுதான் வேறொன்று தெரிந்தது. ஒரே நாளில் 41 வரிகள். அதாவது 41 முறை வேலை பாதியில் அறுந்திருக்கிறது. அதில் 13 தடவை மேலிடத்துப் புள்ளிவிவரம் கேட்டு வந்த போன். மூன்று வாரப் பக்கங்களை எண்ணினாலும் ஏறக்குறைய அதே கதைதான். தினமும் வட்டம் போட்ட மூன்றும் முடிந்தன. ஆனால் மறுநாளுக்குத் தள்ளிய வரிகள் மட்டும் வாரா வாரம் கூடிக்கொண்டே போயின.

இது அவளுடைய பழக்கத்தின் குறை இல்லை. இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்வதன் கணக்கு. எவ்வளவு நேர்த்தியாக எழுதினாலும் ஒரு நாளைக்குள் அடங்காதது அடங்காது. பணியிட நெருக்கடியால் வரும் மனச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்தபோது, அதைத் தனி ஒரு நோய் என்று சொல்லாமல், சரிவர நிர்வகிக்கப்படாத, தொடர்ந்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே சொன்னது. சரிசெய்ய வேண்டியதில் ஒரு பங்கு பணியிடத்திலும் இருக்கிறது.

நோட்டை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். வாய்வார்த்தையாக ‘வேலை அதிகம் சார்’ என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். அவரும் ‘எனக்கு மட்டும் கம்மியா மேடம்?’ என்று பலமுறை கேட்டிருக்கிறார். இந்த முறை அவள் எதுவும் சொல்லவில்லை. நோட்டை விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் நான்கைந்து பக்கம் புரட்டினார். மாசி மாதத்துப் பெரியவர் அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“போன் என் பேருக்கு வர்றதுதான். நான்தான் உங்களுக்குத் தள்ளிவிடறேன்” என்றார், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எனக்குப் போனே வேண்டாம்னு சொல்லல சார். 12 மணிக்கு ஒரு தடவை, 4 மணிக்கு ஒரு தடவை நானே எண்ணிக்கையெல்லாம் எழுதி உங்ககிட்ட கொடுத்துடறேன். நடுவுல கேட்டா அதைப் பார்த்துச் சொல்லிடுங்க.”

ஒப்புக்கொண்டார். முதல் வாரம் இரண்டு நாள் மறந்து, பழையபடி கூப்பிட்டார். அவள் நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தாள். அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆள் கேட்டு மண்டல அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். கூடவே மூன்று வாரக் கணக்கையும் இணைத்தார். முழுநேர ஆள் வரவில்லை. மே மாதத்திலிருந்து பக்கத்துக் கிளையின் கிளார்க் ஒருவர் வாரம் இரண்டு நாள் வருகிறார். அந்த இரண்டு நாளில் அவளால் மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட முடிகிறது.

இப்போதும் சில நாள் வீட்டுக்குப் போக 8 மணி ஆகிறது. இலக்கு குறையவில்லை. மார்ச் திரும்பவும் வரும். ஆனால் இன்னொரு சாவி வைத்திருக்கும் இளம் அதிகாரியின் மேஜையிலும் ஒரு நோட்டு முளைத்திருக்கிறது. அவனிடம் யாரும் சொல்லவில்லை. பார்த்துக் கற்றுக்கொண்டான்.

ஜூன் மாதத்து மதியம்

மேட்டூர் அணை திறப்பை எதிர்பார்த்து ஜூன் பிறந்தாலே டெல்டாவில் குறுவை வேலைகள் தொடங்கிவிடும். விதை, உழவு, ஆள்கூலி என்று கையில் காசு வேண்டும். மாசியில் மீட்ட நகை ஆனியில் திரும்பவும் வங்கிக்கு வரும். அந்தப் பக்கத்து வீடுகளில் நகைக்கு இது வருடாந்தரப் பயணம்.

பெரியவரும் வந்தார். அதே மஞ்சப்பை, அதே 5 பவுன் சங்கிலி. அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“காதுகுத்து நல்லபடியா நடந்துச்சாங்கய்யா?”

“ஜோரா நடந்துச்சும்மா. உங்களுக்குப் பத்திரிகை வெக்கலேன்னு வீட்ல இன்னும் சொல்லிக்கிட்டிருக்காங்க.”

சிவப்பு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். மதிப்பீட்டாளர் சங்கிலியை எடைபோட்டு, உரசிப் பார்த்துச் சீட்டு எழுதினார். அவள் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பெரியவர் பழக்கதோஷத்தில் பையை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சைப் பார்த்தார்.

“எழுந்திரிக்காதீங்கய்யா, இங்கேயே இருங்க” என்றாள். நோட்டை இழுத்து ஒரு வரி எழுதினாள். அப்புறம்தான் போனை எடுத்தாள். இரண்டு நிமிடம் பேசினாள். வைத்ததும் நோட்டைப் பார்த்தாள். ‘காதுகுத்து ஐயா - வாரிசு பெயர் வரை எழுதியாச்சு - 4.10 பஸ்.’

வாரிசு பெயருக்கு அடுத்த கட்டத்திலிருந்து எழுதத் தொடங்கினாள்.

3.50-க்குப் பெரியவர் கையில் ரசீதோடு படியிறங்கினார். பஸ் நிலையம் ஐந்து நிமிட நடை. அவள் அந்த வரிக்கு நேராக ஒரு டிக் அடித்துவிட்டு, அடுத்தவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“வாங்கம்மா, உட்காருங்க. சொல்லுங்க.”